பழைய ஐபாட் ஸ்பீக்கர் டாக்கை எடுத்து வச்சு பாட்டு கேக்குறது எப்படி: முழு வழிகாட்டி

நிறைய வீட்டுல ஷோகேஸ்லயோ பரண்லயோ ஒரு ஸ்பீக்கர் டாக் தூசி படிஞ்சு கெடக்கும். அமெரிக்காலருந்தோ சிங்கப்பூர்லருந்தோ துபாய்லருந்தோ அண்ணனோ மாமாவோ கொண்டு வந்தது, நடுவுல ஒரு பள்ளம், அதுல நீட்டிக்கிட்டு ஒரு பட்டையான பின், அதுல ஐபாடை (ஆப்பிளோட பழைய பாட்டு ப்ளேயர்) சொருகுனா பாட்டும் பாடும் சார்ஜும் ஏறும். போன் மாறிடுச்சு, பின் மாறிடுச்சு, அதனால "இது இனி வேலைக்கு ஆகாது"ன்னு எடுத்து ஓரமா வச்சிருப்பாங்க. எனக்கு இதுல ரொம்ப வருத்தம், ஏன்னா அந்த பொட்டிக்குள்ள இருக்குற ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் பெரும்பாலும் நல்லாவே இருக்கும், காலாவதி ஆனது அந்த பின் மட்டும்தான்.

இந்த கைடு முழுக்க நான் ஒரே ஒரு விஷயத்தை புடிச்சுக்கிட்டுதான் போகப்போறேன். டாக் பின்ல ரெண்டு வேலை நடக்குது. ஒண்ணு, டாக்லருந்து ப்ளேயருக்கு கரண்ட் போகுது. ரெண்டு, ப்ளேயர்லருந்து டாக்குக்கு பாட்டு வருது. இந்த ரெண்டும் வேற வேற கம்பில போற வேற வேற வேலை. எந்த பிரச்சனை வந்தாலும் "கரண்ட் பக்கமா, பாட்டு பக்கமா"ன்னு முதல்ல பிரிச்சு பாத்துட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது.

முதல்ல, உங்ககிட்ட இருக்குறது எந்த டாக்?

ஐபாட் முதன்முதல்ல வந்தது 2001 அக்டோபர்ல. அதுலயும் 2002ல வந்த அடுத்த மாடல்லயும் டாக் பின்னே கிடையாது, மேல ஃபயர்வயர் (கம்ப்யூட்டரோட இணைக்கிற பழைய வயர் வகை) ஓட்டை மட்டும்தான். 2003ல வந்த மூணாவது தலைமுறை ஐபாட்லதான் அந்த அகலமான 30 பின் கனெக்டர் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் இந்த டாக் வியாபாரமே சூடு புடிச்சுது, 2004ல போஸ் சவுண்ட்டாக், 2006 பிப்ரவரில ஆப்பிளே விட்ட ஐபாட் ஹைஃபை, அப்புறம் ஜேபிஎல், லாஜிடெக், பிலிப்ஸ், சோனின்னு ஆளாளுக்கு விட்டாங்க. 2012 செப்டம்பர்ல ஐபோன் 5 கூட சின்ன லைட்னிங் பின் வந்துச்சு, 2023ல ஐபோன் 15ல யூஎஸ்பி-சி வந்துச்சு.

அதனால உங்க டாக்ல இருக்குற பின்னை பாருங்க. ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல அகலமா பட்டையா இருந்தா 30 பின். விரல் நக அளவுக்கு சின்னதா, ரெண்டு பக்கமும் தங்க கலர் கோடு தெரிஞ்சா லைட்னிங். ஆண்ட்ராய்டுக்குன்னு பிலிப்ஸ் மாதிரி சிலர் மைக்ரோ யூஎஸ்பி பின் வச்ச டாக்கும் விட்டாங்க, அதுல நிறைய பேர் ஏமாறுவாங்க, ஏன்னா அந்த பின் சார்ஜ் பண்ண மட்டும்தான், பாட்டு ப்ளூடூத் வழியாதான் வரும். போனை சொருகிட்டு பாட்டு வரலையேன்னு உக்காந்துருக்காதீங்க, ப்ளூடூத்ல கனெக்ட் பண்ணுங்க.

அடுத்து டாக்கோட பின்னாடி திருப்பி பாருங்க. ஒரு சின்ன ரவுண்டு ஓட்டை, 3.5 எம்எம், பக்கத்துல ஆக்ஸ்னு எழுதியிருக்கும். இது இருந்துச்சுன்னா நீங்க அதிர்ஷ்டசாலி, எந்த காலத்து ப்ளேயரையும் இதுல மாட்டிக்கலாம். முதல்ல வந்த சவுண்ட்டாக் மாதிரி சிலதுல இது கிடையாது, அதுக்கு என்ன பண்றதுன்னு கீழ வர்றேன்.

கரண்ட் குடுக்குறதுக்கு முன்னாடி

தயவுசெஞ்சு இந்த படியை தாண்டி போகாதீங்க. வெளிநாட்டுலருந்து வந்த டாக் பாதிக்கு மேல செத்து போறது இந்த இடத்துலதான். நம்ம ஊரு லைன் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கால 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அடாப்டர் மேல பொடி எழுத்துல இன்புட்னு போட்டு 100-240 வோல்ட்னு இருந்தா கவலையே இல்ல, பின் மாத்துற பிளக் மட்டும் வாங்கிக்கோங்க. வெறும் 120 வோல்ட்னு மட்டும் போட்டிருந்தா நம்ம ப்ளக்ல சொருகவே கூடாது, ஒரு நொடில போயிடும். வோல்டேஜை குறைக்கிற ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம், ஆனா என்னைய கேட்டா அதே அவுட்புட் தர்ற நல்ல 230 வோல்ட் அடாப்டர் ஒண்ணு வாங்குறதுதான் மலிவும் நிம்மதியும்.

அடாப்டர் தொலைஞ்சு போச்சு, புதுசு வாங்கணும்னா நாலு விஷயம் பாக்கணும். டாக்கோட அடிப்பக்கம் எத்தனை வோல்ட்னு போட்டிருக்கும், புதுசும் அதே வோல்ட்தான் இருக்கணும், 15 போட்டிருந்தா 15, "18தான இருக்கு, பரவால்ல"ன்னு கடைக்காரர் குடுத்தா வாங்காதீங்க. ஆம்பியர் மட்டும் அதே அளவோ அதுக்கு மேலயோ இருக்கலாம், டாக் தனக்கு வேணுங்கிறதை மட்டும்தான் இழுக்கும். அப்புறம் ப்ளஸ் நடுவுலயா வெளிலயாங்கிறது, ஒரு வட்டம் போட்டு ப்ளஸ் மைனஸ் காமிச்சு படம் இருக்கும், ரெண்டுலயும் படம் ஒத்து போகணும். கடைசியா டிசியா ஏசியா, வோல்ட் பக்கத்துல நேர்கோடும் அதுக்கு கீழ புள்ளிக்கோடும் இருந்தா டிசி, அலை மாதிரி இருந்தா ஏசி. சுவர் பிளக்ல சொருகுற அடாப்டர்னாலே டிசிதான்னு நெனச்சுக்காதீங்க, ஏசி அவுட்புட் தர்றதும் இருக்கு.

சென்னைல இருக்குறவங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு போகும்போது பழைய அடாப்டரையோ டாக்கையோ கையோட எடுத்துட்டு போங்க, ஜாக்கோட சைஸ் சொல்லி புரிய வைக்க முடியாது, கண்ணால பாத்து போட்டு பாக்கணும். சவுண்ட்டாக் முதல் மாடலுக்கு இந்த கதை எதுவும் ஒத்துவராது, அதோட அடாப்டர் ப்ளஸ் 18, மைனஸ் 18ன்னு ரெண்டு வோல்டேஜ் தரும், பிளக்லயும் பல பின் இருக்கும், அதுக்குன்னே செஞ்ச அடாப்டர்தான் வேணும். சாதா 18 வோல்ட் அடாப்டரோட வயரை வெட்டி ஒட்ட வச்சு தர்றேன்னு யாராவது சொன்னா வேணாம்னு சொல்லிருங்க.

வருஷக்கணக்கா சும்மா கெடந்த டாக்னா முதல் தடவை கரண்ட் குடுக்கும்போது ப்ளேயரை மாட்டாதீங்க. வெறும் டாக்கை மட்டும் ஆன் பண்ணி பக்கத்துலயே ஒரு கால் மணி நேரம் இருங்க. தீஞ்ச வாடை வருதா, அடாப்டர் கை வைக்க முடியாத அளவுக்கு சுடுதா, ஸ்பீக்கர்ல பெருசா உர்ர்ருன்னு சத்தம் வருதான்னு பாருங்க. வெதுவெதுப்பா இருக்குறது சகஜம். பேட்டரி போடுற டாக்னா மூடியை தொறந்து பாருங்க, பழைய செல் கசிஞ்சு வெள்ளையா பச்சையா பூத்திருக்கும், அதை கொஞ்சம் வினிகர் தொட்ட பஞ்சால துடைச்சு நல்லா காய விட்டுட்டுதான் புது செல் போடணும். ஐபாட் ஹைஃபைக்கு பெரிய டி சைஸ் செல் ஆறு வேணும், நம்ம டார்ச் லைட்டுக்கு போடுவோமே அந்த தடி செல்.

பின்னை சுத்தம் பண்றது

பாட்டு விட்டு விட்டு வருது, ஒரு பக்கம் மட்டும் கேக்குது, சார்ஜ் ஏறி ஏறி நிக்குதுன்னு சொல்ற கேஸ்ல பாதி வெறும் அழுக்குதான். கடலோர ஊர்ல உப்புக்காத்துல இது இன்னும் சீக்கிரம் வரும். கரண்டை புடுங்கிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வாங்கி (எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கடைல ஐபிஏன்னு கேட்டா குடுப்பாங்க) மிருதுவான பழைய டூத் ப்ரஷ்ல லேசா நனைச்சு டாக் பின்னை நீளவாக்குல மெதுவா தேய்ங்க. ப்ளேயரோட ஓட்டைக்குள்ள பாக்கெட் பஞ்சு அடைஞ்சு கெடக்கும், அதை மரக்குச்சியால எடுங்க, ஊசி குண்டூசி எதுவும் வேணாம், பின் வளைஞ்சா அப்புறம் ரிப்பேர் செலவு டாக் விலையை விட ஜாஸ்தி. கால் மணி நேரம் காய விட்டுட்டு மாட்டுங்க.

ப்ளேயரை உக்கார வைக்கிறது

30 பின் ஐபாட் ஒண்ணொண்ணும் ஒரு தடிமன். அதுக்குன்னுதான் டாக் பெட்டியில ப்ளாஸ்டிக் தட்டு மாதிரி நாலஞ்சு துண்டு குடுப்பாங்க, ஒவ்வொண்ணுலயும் நம்பர் இருக்கும், எந்த நம்பர் எந்த மாடலுக்குன்னு மேனுவல்ல ஒரு பட்டியல் இருக்கும். இதை அலங்காரம்னு நெனச்சு நிறைய பேர் தூக்கி போட்டுடுறாங்க, ஆனா ப்ளேயரோட பாரத்தை தாங்குறது அந்த தட்டுதான். அது இல்லாம சொருகுனா மொத்த பாரமும் அந்த பின் மேலதான் சாயும், நாளாக நாளாக பின் ஆட ஆரம்பிச்சு உள்ள சால்டர் விட்டுடும். தட்டு தொலைஞ்சு போச்சுன்னா ப்ளேயர் முதுகுக்கு பின்னாடி கெட்டி ஸ்பாஞ்சோ மடிச்ச அட்டையோ வச்சு சாய்மானம் குடுங்க, அதுவே போதும்.

கவர் போட்டிருந்தா கழட்டிட்டு மாட்டுங்க. நேரா மேலருந்து கீழ இறக்கணும், எடுக்கும்போதும் நேரா மேல தூக்கணும், முன்னாடி இழுத்து எடுக்கவே கூடாது. ப்ளேயரோட சேத்து டாக்கை தூக்கிட்டு ரூம் ரூமா அலையவும் கூடாது, ஹார்ட் டிஸ்க் வச்ச பழைய ஐபாடுக்கு அது ரெட்டை கேடு.

மாட்டுறதுக்கு முன்னாடி டாக்ல வால்யூமை நல்லா குறைச்சு வைங்க. ஏன் சொல்றேன்னா 30 பின் வழியா வர்றது லைன் அவுட், அதாவது ஹெட்ஃபோன் ஓட்டைல வர்ற சத்தம் இல்ல, ஐபாடோட வால்யூம் சக்கரம் இதை தொடவே தொடாது. ஐபாட்ல எவ்வளவு குறைச்சு வச்சாலும் முழு அளவுலதான் சிக்னல் வரும், கூட்டுறது குறைக்கிறது எல்லாம் டாக்லதான். சத்தம் சுத்தமா இருக்குறதுக்கு காரணமும் இதுதான், ஐபாட்ல இருக்குற சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயரை தாண்டி நேரா வருது. ராத்திரி பத்து மணிக்கு டாக் வால்யூம் முழுசா இருக்கும்போது சொருகுனீங்கன்னா பக்கத்து வீடு வரைக்கும் எழுந்துடும்.

சொருகுனதும் ஐபாட் திரைல சார்ஜ் அடையாளம் வரணும். ரொம்ப நாள் செத்து கெடந்த ஐபாட்னா உடனே ஒண்ணும் வராது, அரை மணி நேரம் அப்படியே விடுங்க. அப்பவும் வரலைன்னா, இல்ல திரை உறைஞ்சு நின்னா ரீசெட் பண்ணுங்க. க்ளிக் வீல் (முன்னாடி வட்ட சக்கரம் வச்ச) மாடல்கள்ல ஹோல்ட் பட்டனை ஒரு தடவை போட்டு எடுத்துட்டு, மெனுவையும் நடு பட்டனையும் சேத்து ஆப்பிள் லோகோ வர்ற வரைக்கும் ஒரு எட்டு பத்து நொடி அமுக்கி புடிங்க. பாட்டு எதுவும் அழியாது, பயப்பட வேணாம். எல்லாம் சரியா இருந்தும் சக்கரம் வேலை செய்யலன்னா அந்த ஹோல்ட் பட்டன் ஆரஞ்சு கலர் காமிச்சுக்கிட்டு இருக்கான்னு பாருங்க.

ஒரு எச்சரிக்கை. ஐபாடோ பழைய போனோ முதுகு உப்பி இருந்தா, திரை தூக்கிக்கிட்டு இருந்தா சார்ஜ்ல போடவே போடாதீங்க, உள்ள பேட்டரி வீங்கியிருக்கு. முதல் தலைமுறை ஐபாட் நானோவுக்கு பேட்டரி சூடாகுற பிரச்சனைனால 2011 நவம்பர்ல ஆப்பிளே மாத்தி குடுக்குற திட்டம் அறிவிச்சாங்க, 2005 செப்டம்பர்லருந்து 2006 டிசம்பர் வரைக்கும் வித்தது அது. அந்த மாடல் உங்க கைல இருந்தா டாக்ல போட்டுட்டு தூங்க போற பழக்கம் வேணாம்.

பாடுது, ஆனா சார்ஜ் ஏறல

இதுதான் எல்லாருக்கும் புரியாத புதிர், டாக் கெட்டு போச்சுன்னு தூக்கி போட்டுடுவாங்க. விஷயம் என்னன்னா 30 பின்ல கரண்ட் போக ரெண்டு வழி இருக்கு, ஃபயர்வயர் வழில 12 வோல்ட், யூஎஸ்பி வழில 5 வோல்ட். ஆரம்பத்துல வந்த டாக்குல பல ஃபயர்வயர் வழில மட்டும்தான் கரண்ட் அனுப்பும். 2008ல வந்த ஐபோன் 3ஜி, ரெண்டாவது தலைமுறை ஐபாட் டச், நாலாவது தலைமுறை நானோ, இதுங்கள்ல ஆப்பிள் அந்த 12 வோல்ட் வழியை எடுத்துட்டாங்க. அதனால இதெல்லாம் பழைய டாக்ல சொருகுனா பாட்டு ஜோரா பாடும், ஆனா இந்த சாதனத்துல சார்ஜ் ஆகாதுன்னு திரைல செய்தி வரும். ரெண்டு பக்கமும் ஒண்ணும் பழுதில்ல, அவங்க அவங்க வழி வேற. 12 வோல்டை 5 ஆக்கி குடுக்குற சின்ன அடாப்டர் துண்டு நடுவுல மாட்ட வந்துச்சு, பழைய சாமான் விக்கிற சைட்டுகள்ல தேடுனா கெடைக்கலாம், கெடைக்கலன்னா தனியா சார்ஜ் பண்ணிட்டு டாக்ல பாட்டு மட்டும் கேளுங்க.

நான் முதல்ல சொன்ன அந்த பிரிவு இங்கதான் கை குடுக்குது. பாட்டு பக்கம் வேலை செய்யுது, கரண்ட் பக்கம் மட்டும் இல்ல, அவ்வளவுதான்.

இப்போதைய போனை இதுல எப்படி மாட்டுறது

மூணு வழி இருக்கு, எனக்கு புடிச்ச வரிசைல சொல்றேன்.

ஆக்ஸ் ஓட்டை இருந்தா ரெண்டு பக்கமும் 3.5 எம்எம் ஜாக் வச்ச ஒரு நல்ல வயர், போன்ல ஹெட்ஃபோன் ஓட்டை இல்லைன்னா யூஎஸ்பி-சிலருந்தோ லைட்னிங்லருந்தோ 3.5 எம்எம் மாத்துற குட்டி வால் ஒண்ணு. இதுல வால்யூம் ரெண்டு இடத்துல இருக்கும், அதனால போன்ல முக்கால்வாசிக்கு மேல வச்சுட்டு மீதியை டாக்ல சரி பண்ணுங்க. போன்ல ரொம்ப கம்மியா வச்சுட்டு டாக்ல முழுசா தெறக்குனா உஸ்ஸுனு இரைச்சலும் சேந்து கேக்கும். ஐபாட் ஷஃபிள், ஆரம்ப கால ஐபாட், சோனி வாக்மேன், எம்பி3 ப்ளேயர் எதுவா இருந்தாலும் இதே வழிதான்.

ரெண்டாவது, ப்ளூடூத் ரிசீவர். ஆக்ஸ்ல மாட்டுறதும் இருக்கு, 30 பின்லயே நேரா உக்கார்றதும் இருக்கு. 30 பின் ரிசீவர் டாக்லருந்தே கரண்ட் எடுத்துக்கும், பாக்க நீட்டா இருக்கும். ஆனா நான் மேல சொன்ன 12 வோல்ட் மட்டும் குடுக்குற பழைய டாக்ல அதுக்கு கரண்ட் கெடைக்காம லைட்டே எரியாது, அதனால வாங்குறதுக்கு முன்னாடி உங்க டாக் மாடல் பேரை போட்டு விக்கிறவங்ககிட்ட கேட்டுட்டு வாங்குங்க, திருப்பி குடுக்க வழி இருக்குற இடத்துல வாங்குங்க. ஆக்ஸ் இல்லாத டாக்குக்கு இதுதான் பெரிய உதவி. பாட்டுக்கு ப்ளூடூத் தாராளமா போதும், வீடியோ பாத்தா மட்டும் சில சமயம் வாயசைவுக்கு கொஞ்சம் பின்னாடி சத்தம் வரும்.

மூணாவது, லைட்னிங் போனுக்கு ஆப்பிள் 2012ல விட்ட 30 பின் அடாப்டர். லைட்னிங்ல அனலாக் சத்தம் வராது, டிஜிட்டல் மட்டும்தான், அதை அனலாக்கா மாத்துற சிப் அந்த குட்டி அடாப்டருக்குள்ள இருக்கு. அதனாலதான் மலிவு டூப்ளிகேட் வாங்குனா சார்ஜ் மட்டும் ஏறி பாட்டு வராம போகும், அதுல அந்த சிப்பே இருக்காது. இதை போட்டா போன் ரொம்ப ஒசரமா ஆடிக்கிட்டு நிக்கும், முதுகுக்கு சாய்மானம் கட்டாயம். எனக்கு இந்த வழி அவ்வளவா மனசுக்கு ஒப்பல, சின்ன வயர் வச்ச மாடல் கெடைச்சா பரவால்ல.

ஐபாட்ல பாட்டு ஏத்துறது

க்ளிக் வீல் ஐபாட்ல பென்ட்ரைவ் மாதிரி பாட்டை காப்பி பண்ணி போட்டா பாட்டு மெனுல வராது. விண்டோஸ்னா ஐட்யூன்ஸ் போடணும், மேக்ல 2019ல வந்த கேட்டலினா வெர்ஷன்லருந்து இந்த வேலை ஃபைண்டர்லயே வந்துடுச்சு. மாமா குடுத்த ஐபாட்ல அவரு ஏத்துன பாட்டு இருந்தா ரொம்ப கவனம், உங்க கம்ப்யூட்டர்ல மாட்டுனதும் அழிச்சுட்டு சிங்க் பண்ணவான்னு கேக்கும், சரின்னு அமுக்குனா அவரு இத்தனை வருஷம் சேத்தது மொத்தமும் போயிடும். வேணாம்னு சொல்லிட்டு, பாட்டை நானே பாத்துக்கிறேன்ங்கிற மேனுவல் ஆப்ஷனை டிக் பண்ணுங்க.

எம்பி3, ஏஏசி, ஆப்பிள் லாஸ்லெஸ், வேவ் எல்லாம் பாடும், ஃப்ளாக் பாடாது, ஃப்ளாக் வச்சிருந்தா ஆப்பிள் லாஸ்லெஸ்ஸா மாத்திக்கோங்க, தரம் கொஞ்சமும் குறையாது. மாச சந்தா கட்டி கேக்குற ஆப்பிள் மியூசிக் பாட்டு க்ளிக் வீல் ஐபாட்ல ஏறாது, சிடிலருந்து எடுத்ததும் காசு குடுத்து வாங்குனதும்தான் ஏறும்.

நம்ம சினிமா பாட்டு கேக்குறவங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். ஒரு படத்துல ஆறு பாட்டு, ஆறுக்கும் வேற வேற பாடகர், அப்படியே ஏத்துனா ஆர்ட்டிஸ்ட் லிஸ்ட்ல ஆறா செதறி கெடக்கும், நூறு படம் ஏத்துனா லிஸ்ட் எங்க தொடங்குது எங்க முடியுதுன்னே தெரியாது. ஐட்யூன்ஸ்ல அந்த ஆறையும் சேத்து செலக்ட் பண்ணி, ஆல்பத்துல படத்து பேரை போட்டு, இது பல பேர் பாடுன தொகுப்புங்கிற ஆப்ஷனை டிக் பண்ணுங்க, ஒரே இடத்துல வந்துடும். கம்போசர் கட்டத்துல இசையமைப்பாளர் பேரை போடுங்க. ஐபாட் மெனுல கம்போசர்னு தனி லிஸ்ட்டே இருக்கு, வெளிநாட்டுக்காரங்க அதை க்ளாசிக்கல் சங்கீதத்துக்கு வச்சுக்கிறாங்க, நமக்கு அது அளவெடுத்து தைச்ச மாதிரி, இன்னைக்கு இன்னாரு மியூசிக் கேக்கணும்னா நேரா அங்க போயிடலாம். ஒரே ஆளு பேரை ஒரே ஸ்பெல்லிங்ல போடுங்க, இல்லன்னா அங்கயும் மூணு நாலா பிரிஞ்சுக்கும்.

1960கள்ல வந்த பாட்டு மெதுவா கேக்கும், இப்போ வந்த பாட்டு அடுத்து வந்தா தூக்கி அடிக்கும். இதுக்கு ஐட்யூன்ஸ்லயும் ஐபாட்லயும் சவுண்ட் செக்னு ஒரு செட்டிங் இருக்கு, ரெண்டு பக்கமும் ஆன் பண்ணுங்க, ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துடும். ஈக்வலைசரை ஆஃப்ல வைங்க. சின்ன ஸ்பீக்கர்ல பேஸ் (கனமான கீழ் ஒலி) கூட்டுற செட்டிங் போட்டா பேஸ் வராது, கரகரன்னு கிழியுறதுதான் வரும்.

எங்க வைக்கிறதுங்கிறதுலதான் பாதி சத்தம் இருக்கு

இதுக்கு ஒரு பைசா செலவில்ல, ஆனா யாரும் செய்யுறதில்ல. அதே டாக்கை நாலு இடத்துல வச்சு அதே பாட்டை கேட்டு பாருங்க, நாலு வேற டாக் மாதிரி கேக்கும். சுவரை ஒட்டி வச்சா பேஸ் ஏறும், மூலைல வச்சா இன்னும் ஏறும், ஏன்னா எல்லா பக்கமும் பரவ வேண்டிய கீழ் ஸ்வர ஒலி சுவர்ல பட்டு முன்பக்கமே திரும்புது. சின்ன டாக்குக்கு இந்த உதவி நல்லது, சுவர்லருந்து ஒரு ஜாண் தள்ளி வைங்க. பெரிய டாக்னா மூலைல வச்சா குரல் எல்லாம் அமுங்கி ஒரே பூம் பூம்னு இருக்கும், முன்னாடி இழுத்துடுங்க. பின்பக்கம் ஓட்டை இருக்குற மாடல்னா அதை அடைக்கவே கூடாது, ஷோகேஸ் தட்டுக்குள்ள திணிச்சு வச்சா பேஸ் போர்ட் மூச்சு விட முடியாது, சூடும் உள்ளயே நிக்கும்.

காது மட்டத்துக்கு பக்கமா, டேபிளோட முன் ஓரத்துல வைங்க, ஹை ஸ்வரம் நேரா வரணும். கண்ணாடி டேபிள், ஃப்ரிட்ஜ் மேல, உள்ளீடற்ற மர பீரோ மேல வச்சா அதுங்களும் சேந்து அதிரும். அடில ஒரு ரப்பர் மேட் போடுங்க. ரெண்டு ஸ்பீக்கரும் ஒரே பொட்டில ஒரு சாண் இடைவெளில இருக்குறதால ரூம் முழுக்க ஸ்டீரியோ எதிர்பாக்க முடியாது, ஒரு மீட்டர் ஒன்றரை மீட்டர்ல நேரா முன்னாடி உக்காந்தா கொஞ்சம் பிரிஞ்சு கேக்கும். பழைய மோனோ பாட்டுக்கு இந்த குறையே கிடையாது, என் அபிப்பிராயத்துல 50, 60கள் பாட்டு கேக்க இந்த ஒத்தப் பொட்டி டாக் ரொம்ப பொருத்தம், குரல் ஒரே இடத்துலருந்து கெட்டியா வரும்.

ரிமோட், கடிகாரம், ரேடியோ

ரிமோட்ல பெரும்பாலும் சிஆர்2025 இல்ல சிஆர்2032 காசு செல், ரெண்டும் 3 வோல்ட்தான், ஆனா தடிமன் வேற, அதனால எழுதியிருக்குறதையே வாங்குங்க. வேலை செய்யுதான்னு பாக்க போனோட செல்ஃபி கேமராவை தெறந்து அதுக்கு எதிரா ரிமோட்டை காமிச்சு பட்டனை அமுக்குங்க, திரைல ஊதா வெள்ளையா ஒரு பொட்டு மினுக்குனா ரிமோட் உயிரோட இருக்கு. வீட்டுல சின்ன குழந்தை இருந்தா இந்த காசு செல் விஷயத்துல ரொம்ப ரொம்ப ஜாக்கிரதை, முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாயை அரிச்சுடும், சந்தேகம் வந்தாலே நேரா ஆஸ்பத்திரிதான். செல் மூடிக்கு ஸ்க்ரூ இல்லைன்னா டேப் போட்டு ஒட்டிடுங்க.

அலாரம் கடிகாரத்தோட வர்ற அமெரிக்க டாக்ல, கரண்ட் வயர் நேரா உள்ள போற மாடல் சிலது லைனோட அலையை எண்ணித்தான் நேரம் காமிக்கும். 60 எதிர்பாக்குற கடிகாரத்துக்கு நம்ம 50 ஹெர்ட்ஸ் குடுத்தா மணிக்கு பத்து நிமிஷம் பின்னாடி போகும், ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் மாறாது, அது வோல்டேஜை மட்டும்தான் குறைக்கும். அதுல ரேடியோவும் கேக்கணும்னா இன்னொரு சிக்கல், அமெரிக்க ட்யூனர் நிறைய 88.1, 88.3ன்னு ஒத்தைப்படை புள்ளிலதான் தாவும், சென்னை எஃப்எம் ரெயின்போ 101.4ல இருக்கு, அதுல போய் நிக்கவே நிக்காது. செட்டிங்ல நாடு மாத்துற ஆப்ஷன் இருக்கான்னு தேடுங்க.

சத்தத்துல கோளாறு வந்தா

உர்ர்ருன்னு இரைச்சல் வந்தா முதல்ல ப்ளேயரை எடுத்துடுங்க. அப்பவும் இருந்தா அடாப்டரோ டாக்கோதான் காரணம், வேற நல்ல அடாப்டர் போட்டு பாருங்க. ப்ளேயரை எடுத்ததும் நின்னுடுச்சுன்னா டாக் மேல தப்பில்ல. ஆக்ஸ்ல போனை மாட்டி அதே நேரம் சார்ஜரும் போட்டிருந்தா சார்ஜரை புடுங்குங்க, நின்னுடும், ரெண்டு பக்கமும் கரண்ட் லைன் வழியா ஒரு சுத்து உருவாகி அது இரைச்சலா வருது. சார்ஜர் போட்டே ஆகணும்னா கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்னு சின்ன பொட்டி கெடைக்கும், வயர் நடுவுல மாட்டிக்கலாம்.

டிடிக் டிடிக் டர்ர்ர்னு போன் வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடி ஒரு சத்தம் வருதுன்னா அது 2ஜி சிக்னல் ஸ்பீக்கர் வயர்ல ஏறுற சத்தம். ஆரம்ப கால ஐபோனை ஐபாட் டாக்ல வச்சா ஏரோப்ளேன் மோட் போடவான்னு கேக்குறதுக்கு காரணமே இதுதான். போனை ரெண்டடி தள்ளி வைங்க, போதும்.

ஒரு பக்கம் மட்டும் கேட்டா ஆக்ஸ்ல வேற எதாவது மாட்டி பாருங்க. ஆக்ஸ்ல ரெண்டு பக்கமும் வந்தா ஸ்பீக்கர் நல்லா இருக்கு, 30 பின்தான் அழுக்கு. அதுலயும் ஒரு பக்கம்தான்னா ஸ்பீக்கரோ ஆம்ப்ளிஃபயரோ, அதை ரேடியோ மெக்கானிக்கிட்டதான் காட்டணும். கூம்பை சுத்தி இருக்குற ஃபோம் நம்ம ஊரு ஈரப்பதத்துல உதுந்து போயிருந்தா புது ஃபோம் வளையம் ஒட்டி தர்ற மெக்கானிக் இன்னும் இருக்காங்க.

மேல ரப்பர் மாதிரி பூச்சு இருக்குற டாக் பல வருஷம் கழிச்சு பிசுபிசுன்னு ஒட்டும். அந்த பூச்சு சிதைஞ்சு வருது, தண்ணி போட்டா போகாது. அதே ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை துணில தொட்டு பொறுமையா தேய்ச்சா பூச்சு முழுசா வந்துடும், கீழ சுத்தமான ப்ளாஸ்டிக் இருக்கும். ஸ்பீக்கர் வலைலயும் எழுத்துலயும் படாம பாத்துக்கோங்க.

இடி மின்னல் நேரத்துல சுவிட்சை மட்டும் அணைச்சா பத்தாது, பிளக்கையே புடுங்குங்க. ஊருக்கு போகும்போது பேட்டரி செல்லை வெளில எடுத்துடுங்க. ஐபாடை டாக்லயே விட்டுட்டு போகாம பாதி சார்ஜ்ல அணைச்சு வெயில் படாத இடத்துல வைங்க, மூணு மாசத்துக்கு ஒருதடவை எடுத்து கொஞ்சம் சார்ஜ் போட்டு ஒரு ரெண்டு பாட்டு ஓட விடுங்க.